பாலி கிராமத்து நாய்க்கடியை ஊருக்குச் சுமந்து வராதீர்கள்

மறுபடியும் அதே கதை. இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சுற்றுலா போய் வந்தவரின் கெண்டைக்காலில் ஆறிப்போன பல் தடம், நாய் கடித்து ஒரு வாரம் ஓடிவிட்டது. "அங்கேயே டி.டி. போட்டுக்கிட்டேன் டாக்டர்." டி.டி. என்பது ரணஜன்னிக்கு. ரேபீஸை, அதாவது வெறிநாய்க்கடி நோயை, அது தொடக்கூடத் தொடாது. இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டுமோ!

பாலிக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு நிற்காமல் உள்ளே கிராமங்களுக்கும் போகிறார்கள். சந்தோஷம். ஜத்திலுவியின் படிக்கட்டு வயல்கள், சுபாக் எனும் கூட்டுப் பாசனம், 11ஆம் நூற்றாண்டில் பாறையில் குடைந்த குனுங் காவி கோயில், சங்கே குரங்குக் காடு எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் 2008இல் அந்தத் தீவுக்குள் ரேபீஸ் நுழைந்தது. இன்றுவரை ஒழியவில்லை.

அங்கே நாய்க்கு வீடு உண்டு, கட்டிப்போடும் வழக்கம் குறைவு. கழுத்துப்பட்டை இருப்பதால் தடுப்பூசி போட்ட நாய் என்று அர்த்தமில்லை. வாசலில் தரையில் வைக்கும் சானாங் சாரி படையலில் சோறோ பிஸ்கட்டோ இருக்கும். நாய் அதைத் தின்னும்போது பக்கத்தில் குனிந்து படம் எடுக்காதீர்கள். வயல் வரப்பில் துரத்தினால் ஓடாதீர்கள்; அசையாமல் நின்று, முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். குரங்குக் காட்டில் கையில் தின்பண்டம் வேண்டாம். கண்ணாடியைப் பிடுங்கினால் போகட்டும், இழுத்துப் பறிக்காதீர்கள்.

எனக்குப் பொறுமை போவது இந்தப் "பத்து நாள்" கணக்கில்தான். "நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் ஊசி வேண்டாமாமே?" அந்த விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும், குரங்குக்குக் கிடையாது. நாயானாலும், அதே நாயைத் தினமும் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் கடிபட்டது ஒரு கிராமத்தில், இரவு தங்குவது இன்னொரு ஊரில், நாலாம் நாள் விமானம். யார் பார்ப்பது? கார் ஓட்டுநர் வாட்ஸப்பில் அனுப்பும் நாய்ப் படம் போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நாள் காத்திருந்துவிட்டு ஊசியைத் தொடங்கு என்று அந்த விதி சொல்லவே இல்லை. முதல் நாளே தொடங்கு, பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால் மீதியை நிறுத்திக்கொள் என்பதுதான் விதி. கடிபட்டவருக்கு நோய் அறிகுறி வந்த பிறகு கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடிவதில்லை.

ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்தாலோ, புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும், தயார் நிலையிலுள்ள எதிர்ப்புப்பொருள்) வேண்டும்.

கடித்த இடத்திலேயே தொடங்குங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15; இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். பிறகு பொவிடோன் அயோடின். அவசரப்பட்டுத் தையல் போட விடாதீர்கள். அடுத்து, அன்றைக்கே புஸ்கெஸ்மாஸ் எனும் அரசு சுகாதார நிலையத்துக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி பெரியவர்களுக்குத் தோளில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். பின்புறத்தில் போட்டால் சரியாக வேலை செய்யாது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் எப்போதோ மலையேறிவிட்டது, பயப்படாதீர்கள்.

இம்யூனோகுளோபுலின்தான் சிக்கல். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20 யூனிட், 60 கிலோ ஆளுக்கு 1200. காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். எல்லா இடத்திலும் இருக்காது, தேடி பாலியின் தலைநகர் டென்பசார் வரை போக நேரலாம். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் அதைக் கொடுப்பதில்லை. ஊசியே போடாமல் வந்தவருக்குத் தாமதமானாலும் கொடுப்போம். ஆகவே "லேட்டாயிடுச்சே, இனி எதுக்கு" என்று தயவுசெய்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கிராமம் சுற்றும் திட்டம் இருந்தால், கிளம்பும் முன்பே 7 நாள் இடைவெளியில் இரண்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அதன்பின் கடித்தால் அன்றைக்கே ஓர் ஊசி, மூன்று நாள் கழித்து இன்னொன்று, அவ்வளவுதான். இம்யூனோகுளோபுலின் தேடி அலைய வேண்டாம். குழந்தைகளோடு போகிறவர்களை இதற்காகக் கெஞ்சியே கேட்கிறேன். கீறல் பட்டால் திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள்.

இந்தோனேசியாவில் முதல் நாள் இரண்டு தோளிலும் ஒவ்வொன்று, பிறகு 7, 21ஆம் நாட்களில் ஒவ்வொன்று என்று போடுவார்கள். இங்கே வழக்கம் 0, 3, 7, 14, 28ஆம் நாட்கள்; 0 என்பது முதல் ஊசி போடும் நாள். இரண்டும் சரியான முறைகளே. முதலிலிருந்து திரும்பத் தொடங்கத் தேவையில்லை. மருந்தின் பெயரும் தேதியும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு வாருங்கள், மீதியை நாங்கள் முடித்துவிடுகிறோம்.