ஃப்ளாப் சைனிங்: தேறாத வரவு

பெரும் பணம் கொடுத்து ஒரு கால்பந்து கிளப் வாங்கி வந்த ஆட்டக்காரர், அந்தப் பணத்துக்கும் ரசிகர்களின் எதிர்பார்ப்புக்கும் ஈடாக ஆடாமல் போனால் அவருக்கு விழும் பெயர் 'ஃப்ளாப் சைனிங்'. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆடிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கும் பையன்களிடம் இந்தச் சொல் சரளமாகப் புழங்குகிறது. "மாப்ள, அவன் சுத்த ஃப்ளாப்புடா, இவனுக்கா இம்புட்டுக் காச அள்ளிக் குடுத்தாய்ங்க?" என்பான் ஒருவன். "ஒங்க டீம்ல மட்டும் என்ன வாழுதாம்?" என்று எதிர்ச் சட்டைக்காரன் எகிறுவான். சண்டை நடப்பது மான்செஸ்டரைப் பற்றியோ லண்டனைப் பற்றியோதான். ஆனால் அது மதுரைத் தமிழில் நடக்கிறது. அதனால்தான் இந்தச் சொல்லுக்கு நம் மொழியில் என்ன இருக்கிறது என்று தேடத் தோன்றியது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஃப்ளாப் என்பது ஒலிக்குறிப்பிலிருந்து வந்த ஆங்கிலச் சொல். கனத்துத் துவண்ட ஒரு பொருள் கீழே விழும் ஓசை அது. நாம் 'தொப்' என்போம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதற்குத் தோல்வி என்ற பொருள் ஏறியது. நாடக மேடைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், பிறகு சினிமாக்காரர்கள். நம் ஊருக்கும் அது சினிமா வழியாகவே வந்து சேர்ந்தது. தங்கம் தியேட்டர் இருந்த மதுரையில் ஹிட், ஃப்ளாப் இரண்டும் தெரியாத வீடு கிடையாது. கூடவே படம் ஊத்திக்கிச்சு, படுத்துருச்சு, பொட்டிக்குள்ள போயிருச்சு என்று நாமே ஆக்கிக்கொண்டவையும் உண்டு.

சைனிங் என்பதற்கு வேர் 'அடையாளம்' என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் செயலுக்கு இருந்த பெயர், போட்ட ஆளுக்கே பெயராகிவிட்டது. தமிழ் இலக்கணம் இதைத் தொழிலாகுபெயர் என்கிறது. 'வற்றல் தின்றான்' என்னும்போது வற்றுதல் என்ற தொழிலின் பெயர் வற்றிய காய்க்கு ஆகிவருகிறதே, அதே முறை.

இனி ஃப்ளாப் மீது எனக்குள்ள மனக்குறை. படம் என்பது வெளியாகும் நாளோடு முடிந்துபோன பொருள். அதற்கு மேல் அது மாறாது; ஓடினால் ஓடியது, விழுந்தால் விழுந்தது. ஆட்டக்காரனுக்கோ அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஆட்டம் இருக்கிறது. முடிந்த பொருளுக்குச் சொல்லும் தீர்ப்பை, இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒருவன்மேல் போடுகிறோம். அதிலும், யார் குற்றத்தால் அந்த வீழ்ச்சி என்பதை அந்தச் சொல் கேட்பதே இல்லை. விழுந்தவன் தலையில் முழுப் பழியையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நம் பேச்சுவழக்கு அப்படி நகர்ந்துவிடுவதில்லை. டீக்கடை வாக்குவாதத்தைக் கூர்ந்து கேட்டால், ஃப்ளாப்புக்கு அக்கம்பக்கத்தில் வேறு சில சொற்கள் வந்து விழுவது தெரியும். அவற்றில் ஒவ்வொன்றும் பழியை ஒவ்வொருவர் பக்கம் திருப்புகிறது.

'மொக்கை' ஆட்டக்காரனைச் சாடுகிறது. கத்தியின் கூர் மழுங்கியிருப்பதே மொக்கை. முன்பு கூராக இருந்தது இப்போது மழுங்கிவிட்டது என்ற குறிப்பும் அதற்குள் இருக்கிறது. 2004இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதை வாங்கிய ஷெவ்சென்கோ, 2006இல் இத்தாலியின் மிலான் கிளப்பிலிருந்து லண்டன் கிளப்பான செல்சிக்கு வந்து, அங்கே லீக் ஆட்டங்களில் மொத்தமே 9 கோல்தான் போட்டார். வந்தபோது அவருக்கு வயது 29. மழுங்கல் என்ற சொல் அங்கே பொருந்தும்.

'தெண்டம்' கிளப்பைச் சாடுகிறது. ஏட்டில் இது தண்டம். கோல், அதனால் தரும் தண்டனை, தண்டனையாகக் கட்டும் பணம் என்று வடமொழியிலிருந்து படிப்படியாக வந்து, பலனில்லாமல் செலவழியும் பணத்தில் நிற்கிறது. "அவன் நல்லாத்தான்டா ஆடுறான், குடுத்த காசுதான் தெண்டம்" என்று ஒருவன் சொல்லும்போது, ஆட்டத்தையும் விலையையும் அவன் பிரித்துவிடுகிறான். ஃப்ளாப் என்று கத்துகிறவர்களில் பாதிப்பேர் சொல்ல வருவது இதைத்தான் என்று நினைக்கிறேன். விலைச்சீட்டை ஆட்டக்காரன் எழுதுவதில்லை. 2011 ஜனவரி 31 அன்று லிவர்பூலிலிருந்து செல்சிக்கு 5 கோடி பவுண்டுக்கு வந்த டோரஸ், அங்கே 110 லீக் ஆட்டங்களில் 20 கோல் போட்டார். அடிமாட்டு விலைக்கு வந்திருந்தால் அவரைப் பற்றி இன்றுவரை இத்தனை பேச்சு இருந்திருக்காது. 2012இல் பார்சிலோனா மைதானத்தில் கடைசி நிமிடங்களில் தனியாக ஓடி, கோல்கீப்பரைச் சுற்றிக் கடந்து அவர் போட்ட கோலோடுதான் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிக்குச் செல்சி போவது உறுதியானது. அதே ஆண்டு அந்தக் கோப்பையையும் வென்றது.

மூன்றாவது சொல் மைதானத்தில் கேட்காது. மேலூர்ப் பக்கம் வயலில் கேட்கும். 'சாவி'. பூட்டுச் சாவி போர்ச்சுக்கீசியரோடு கப்பலேறி வந்த சொல். இந்தச் சாவி நம் மண்ணுடையது. நெல் பால் பிடிக்கிற சமயத்தில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனால் மணி முற்றாமல் கதிர் வெளிறிவிடும். மணி பிடித்த கதிர் தலை சாயும். சாவிக்கதிர் விறைத்து நிற்கும். பெரியாறு வாய்க்காலின் கடைமடையில் விவசாயம் பார்க்கிறவர்கள் "வெள்ளாம சாவியாப் போச்சு" என்பார்கள். விதை கெட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. பதர், பொக்கு, கருக்காய் என்று உள்ளீடற்ற நெல்லுக்குப் பல பெயர்கள் இருந்தும், வளர்ந்த சூழலைக் குற்றவாளியாக நிறுத்துவது சாவிதான்.

கால்பந்தில் இதற்குக் கூட்டின்ஹோவைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 2018 ஜனவரியில் பார்சிலோனா அவரை லிவர்பூலிடமிருந்து 10 கோடி பவுண்டுக்கும் மேலே கொடுத்து வாங்கியது. அவர் ஆட விரும்பிய இடத்தில் மெஸ்ஸி ஆடிக்கொண்டிருந்தார். இவரை இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். ரசிகர்கள் சொந்த மைதானத்திலேயே அவரைப் பார்த்து விசிலடித்தார்கள். பிறகு ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்புக்கு அனுப்பிவிட்டார்கள். 2020 ஆகஸ்ட் 14 அன்று சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அதே பயர்ன், பார்சிலோனாவை 8–2 என்று நொறுக்கியது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கூட்டின்ஹோ அதில் 2 கோல் போட்டு, ஒரு கோலுக்குப் பந்தும் எடுத்துக் கொடுத்தார். ஆள் அதே ஆள்தான். தண்ணீர் வேறு.

ஆக, காரணம் தெரிந்தால் மொக்கை, தெண்டம், சாவி மூன்றில் ஒன்றைச் சொல்லிவிடலாம். காரணம் இன்னும் தெரியாத நிலையில், 'எதிர்பார்த்தபடி அமையவில்லை' என்று மட்டும் சொல்ல ஒரு பொதுச்சொல் வேண்டும். பத்திரிகைகள் 'சோபிக்கவில்லை' என்று எழுதுகின்றன. பிழையில்லாத சொல்தான். ஆனால் டீக்கடையில் யாரும் சோபிப்பதில்லை.

நான் முன்வைப்பது 'தேறாத வரவு'.

வரவு என்பதில் பெரிய விவாதம் வேண்டியதில்லை. புது ஆட்டக்காரரைப் 'புது வரவு' என்று நம் செய்தித்தாள்கள் ஏற்கெனவே எழுதுகின்றன. வருகை, வருமானம் என்ற இரு பொருளும் அதில் உண்டு. கிளப் கணக்கில் செலவாக எழுதப்படுவது அணியில் வரவாக வந்து நிற்கிறது. சைனிங்கைப் போலவே இதுவும் தொழிலாகுபெயர்.

சுவை முழுவதும் 'தேறு' என்பதில் இருக்கிறது. கலங்கியது தெளிவதுதான் தேறுதல். சங்கப் பாடல்களில் தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர். கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பானையின் உள்புறம் இழைக்கும் கொட்டை தேற்றாங்கொட்டை. காய்ச்சலில் கிடந்தவர் 'உடம்பு தேறிட்டாரு', பரீட்சை எழுதிய பையன் 'தேறிட்டான்', அறுவடையில் 'எத்தன மூட தேறும்?' என்று இன்றைக்கும் எல்லா இடத்திலும் அது உயிரோடு இருக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று உண்டு: தேறுவதற்கு நாள் பிடிக்கும். "அவன் இன்னும் தேறல" என்று சொல்லும்போது, நாளைக்குத் தேறலாம் என்ற வாசல் சாத்தப்படுவதில்லை. "அவன் தேறமாட்டான்" என்று சொன்னால்தான் வாசல் அடைபடும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஃப்ளாப் அழித்துவிடுகிறது.

வள்ளுவர் இந்தச் சொல்லை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைப் பேசும் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில், 509ஆம் குறள்: "தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்." ஆராயாமல் யாரையும் நம்பாதே, ஆராய்ந்து எடுத்தபின் நம்பு. இங்கே தேறுதல் நம்புதல் என்ற பொருளில் வருகிறது. அடுத்த குறள் இன்னும் நெருக்கமானது: "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் நம்புவதும், நம்பி எடுத்தவன்மேல் பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்கிறார். முதல் பாதி கிளப் நிர்வாகத்துக்கு, இரண்டாம் பாதி மூன்றாவது ஆட்டத்திலேயே விசிலடிக்கிற ரசிகனுக்கு.

தேர்ந்தது கிளப், தேற வேண்டியது ஆட்டக்காரன். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். தேறு தன்வினை, அதன் பிறவினை 'தேற்று'. தேற்றுவது பயிற்சியாளர் வேலை. தியரி ஹென்றி 1999இல் யுவென்டஸிலிருந்து ஆர்சனலுக்கு வந்தார். யுவென்டஸில் அவரை ஓரத்தில் ஆடவிட்டிருந்தார்கள்; சில மாதங்களில் 3 கோல்தான். ஆர்சனலிலும் முதல் 8 ஆட்டங்களில் ஒன்றும் விழவில்லை. பயிற்சியாளர் வெங்கர் அவரை நடுவில் முன்வரிசை ஆட்டக்காரராக மாற்றி, மாற்றிய இடத்திலேயே விடாமல் நிறுத்தினார். ஆர்சனலுக்காக ஹென்றி மொத்தம் போட்ட கோல் 228. உருகுவே நாட்டு ஆட்டக்காரர் டியேகோ ஃபோர்லான் கதை வேறு. 2002இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து முதல் கோலுக்கு எட்டு மாதம் காத்திருந்தார். அங்கே கடைசிவரை தேறவில்லை. ஸ்பெயினுக்குப் போய்த் தேறினார். 2010 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவர் கைக்கு வந்தது. யுனைடெட்டுக்கு அவர் தேறாத வரவு, உருகுவேக்கோ தங்கம். ஒரே ஆளுக்கு இரண்டையும் சொல்ல இந்தச் சொல் இடம் தருகிறது.

பெயரெச்சமாகவும் வினையாகவும் இது நன்றாகவே வளைகிறது: தேறாத வரவு, தேறிய வரவு, தேறிவரும் வரவு. "இந்த சீசன் வாங்குனதுல ரெண்டுதான் தேறுச்சு" என்று எண்ணிக்கைக்கும் வரும்.

கடைசியாக, இதோடு ஒட்டி வரும் 'லோன்'. தேறாதவரை வேறு கிளப்புக்குச் சில மாதம் அனுப்புவதைக் 'கடன் அடிப்படையில்' என்று எழுதுகிறார்கள். கடன் வாங்கிய நெல்லையோ பணத்தையோ அப்படியே திருப்புவதில்லை. வேறு நெல், வேறு நோட்டு, அதன்மேல் வட்டி. வாங்கிய பொருளையே திருப்பித் தருவதற்குத் தமிழில் இரவல் என்று பெயர். போன ஆட்டக்காரர்தான் திரும்பி வருகிறார் என்பதால் இரவல் ஆட்டக்காரர் என்பதே சரி. "தேறாத வரவ இரவல் குடுத்துட்டாய்ங்கடா" என்று ரேஸ்கோர்ஸ் பக்கம் சொன்னால், கேட்கிற எவனுக்கும் விளக்கம் தேவைப்படாது.