லாலாங்கை வெல்வது இருட்டு

பினாங்கின் பிறையிலோ ஆயர் ஈத்தாமிலோ ஒரு வீடு ஓராண்டு பூட்டிக் கிடந்தால் போதும், கொல்லைப்புறம் காடாகிவிடும். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. குளிர்காலம் கிடையாது. பகல் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம். செடிக்கு ஓய்வெடுக்கக் காரணமே இல்லை. இடுப்பளவு லாலாங் புல், வேலியை மூடிய கொடி, இடையிடையே தொட்டாற்சிணுங்கி. நாம் ஆளைக் கூப்பிட்டு மெஷினால் வெட்டச் சொல்கிறோம். ஒரே பிற்பகலில் தரை தெரிகிறது. சில வாரங்களில் பழைய பச்சை திரும்பிவிடுகிறது, பல இடங்களில் முன்னைவிட அடர்த்தியாக. வெட்டியவர் மேல் குறையில்லை. வெட்டினால் பெருகுவதுதான் அந்தப் புல்லின் இயல்பு.

லாலாங்கின் அறிவியல் பெயர் இம்பெரட்டா சிலிண்ட்ரிக்கா. நாம் பார்ப்பது அதன் இலையை மட்டும்தான். உடம்பின் பெரும்பகுதி மண்ணுக்குள், பெரும்பாலும் மேல் 20 சென்டிமீட்டருக்குள், வெள்ளை நிறத்தில் ஊசிமுனையோடு ஓடும் மட்டநிலத்தண்டாக இருக்கிறது. அந்த முனை மரவள்ளிக்கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உண்டு. ஆனால் எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. வளரும் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற இயக்குநீர் பின்னாலுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. தாவரவியலில் இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். மேலே வளரும் தண்டை வெட்டினால் அந்த அடக்குமுறை தளர்கிறது, தூங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. சங்கோல் என்ற மண்வெட்டியால் கொத்தினால் இன்னும் மோசம்: ஒரு தண்டு பத்துத் துண்டாகி, ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகத் துளிர்க்கும். சில சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டே போதும். தீ வைத்தாலும் பயனில்லை. மேலே உள்ளது சாம்பலாகும், மண்ணுக்குள் இருப்பது தப்பித்துக்கொள்ளும், எரிந்த லாலாங் விரைவில் பூத்து பஞ்சு பஞ்சாக விதையைக் காற்றில் விடும். வீட்டுக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியானால் லாலாங் எதற்குத்தான் அடங்கும்? நிழலுக்கு. சுட்டெரிக்கும் வெயிலில் மற்ற செடிகளைவிட வேகமாகச் சர்க்கரை தயாரிக்கும் சி4 வகைப் புல் இது. அந்தத் திறமை முழுவதும் வெளிச்சத்தை நம்பியது. அடர்ந்த பழத்தோப்புக்குள் லாலாங் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். புதுத் தளிர் எழும்பும்போது மட்டநிலத்தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்து செலவாகிறது. சில இலைகள் விரிந்து வெயில் பிடித்தபிறகே அந்தச் செலவு ஈடாகத் தொடங்கும். ஈடாகும் முன்பே மறுபடி மறுபடி இலையைப் பறித்தாலோ, வெளிச்சத்தை அடியோடு மறைத்தாலோ தண்டு தன் சேமிப்பைத் தின்றே சாகும். நம் ஊர் வெப்பம் இங்கே நமக்குத் துணை. சூடான மண்ணில் தண்டின் சுவாசம் வேகமாக நடப்பதால் சேமிப்பும் வேகமாகக் கரைகிறது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமல்ல. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கன்றுகளுக்கிடையே புவேரேரியா, கலபோகோனியம், சென்ட்ரோசீமா என்ற பயறுவகைக் கொடிகளைப் படரவிட்டார்கள். அவை நிலத்தைப் போர்த்தி லாலாங்குக்கு வெயில் படாமல் செய்தன. வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்த்தது. அந்தக் கொடிகளை நட்டுப் பராமரித்ததில் நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்பு பெரும்பங்கு. அவர்கள் செய்ததில் இருந்த அறிவியலை நாம் நன்றியோடு வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவரலாம்.

முதல் வேலை, வெட்டாமல் சாய்ப்பது. தென்கிழக்காசியாவில் லாலாங் நிலங்களை மீட்கும் விவசாயிகள் கையாளும் முறை இது. ஒரு பலகையின் இருமுனையிலும் கயிறு கட்டி, அதைப் புல்லின் மேல் வைத்து ஏறி மிதித்து, ஒரே திசையில் படுக்க வைக்கிறார்கள். தண்டு துண்டாவதில்லை என்பதால், வெட்டும்போது விழிக்கிற அளவுக்கு மொட்டுகள் விழிப்பதில்லை. சாய்ந்த புல்லே அடியிலுள்ளதற்கு நிழலாகிறது. புல் உயரமாக இருந்தால்தான் நன்றாகப் படியும், ஆகவே காடாகிப் போன தோட்டமே இதற்கு ஏற்றது. அதன்மேல் ஒட்டுநாடா நீக்கிய அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே காய்ந்த இலையோ மரத்தூளோ 10 சென்டிமீட்டர் அளவுக்குப் பரப்புங்கள். மரத்தூளை மண்ணோடு கலக்கக் கூடாது. கலந்தால் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துப் போகும். மேற்பரப்பில் கிடந்தால் அந்தத் தொல்லை குறைவு. அட்டையைக் குத்திக்கொண்டு அங்கங்கே லாலாங் தலை நீட்டும். நீட்டியதும் மடக்கி மறுபடி மூடுங்கள். பல மாத வேலை இது.

இனி விதைகள். பார்வைக்கு வெறுமையாக உள்ள மண்ணுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் விதைகள் உறங்குகின்றன. இதை விதை வங்கி என்கிறோம். 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 20 புட்டிகளில் களைவிதைகளை மணலோடு நிரப்பிப் புதைத்தார். 2021-இல் ஒரு புட்டியை எடுத்தபோதும் சில விதைகள் முளைத்தன. அந்தப் புட்டியை ஆய்வாளர்கள் தோண்டியது இரவில். வெயில் பட்டால் விதை விழித்துவிடும் என்பதால் அந்தக் கவனம். வெப்பமண்டல ஈரமண்ணில் விதைகளின் ஆயுள் பொதுவாக இதைவிடக் குறைவு. ஆனாலும் விழிக்கும் முறை அதேதான்.

விதைக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் அது விழிப்பு நிலைக்கு மாறும்; 730 அளவிலுள்ள தொலைசிவப்பு ஒளி அதை உறக்க நிலைக்குத் திருப்பும். பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகிறது. எனவே புதருக்கடியில் கிடக்கும் விதை, தலைக்குமேல் வேறொரு செடி நிற்கிறது என்பதை ஒளியின் நிறத்திலிருந்தே உணர்ந்து காத்திருக்கிறது. புதரை நீக்கிய அன்றே அந்தத் தடை போய்விடுகிறது. கிளறும் மண்ணோடு ஆழத்து விதைகளும் மேலே வருகின்றன. நுண்விதைகளை எழுப்பக் கணநேர வெயில் போதும். முழுத் தோட்டத்தையும் ஒரே வார இறுதியில் வெட்டவெளியாக்குவதை நான் வலுவாக எதிர்ப்பது இதனால்தான். ஒரு கதவகலத் துண்டைத் திறந்து, நட்டு, மூடிவிட்டு அடுத்த துண்டுக்குப் போவதே சரி.

களைக்கொல்லி அடித்தால் சுலபம் என்பார்கள். பாராகுவாட் பச்சையை மட்டும் கருக்கும், மட்டநிலத்தண்டைத் தொடாது. தோட்டங்களில் அதைத் தெளித்த நம் பெண்கள் உடம்பால் கொடுத்த விலை பெரிது. மலேசியா அதை 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. கிளைஃபோசேட் தண்டுவரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் கேழ்வரகின் நெருங்கிய உறவான எலூசின் இண்டிகா புல், அந்த மருந்துக்கே சாகாத வகையாக 1997-இல் மலேசியாவில் கண்டறியப்பட்டது. நாம் கீரை பறிக்கப்போகும் இடத்தில் இந்தப் பாதை எனக்கு உகந்ததாகத் தெரியவில்லை.

கோரை தனி ரகம். கிழங்குகள் சங்கிலியாக இறங்கும். பிடுங்கினால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளே நிற்கும். அதன் கூர்மையான தளிர் பிளாஸ்டிக் விரிப்பையே துளைக்கும். ஈரமண்ணில் முள்கரண்டியால் நெகிழ்த்திக் கிழங்கோடு எடுங்கள். எடுத்த கிழங்கையும் லாலாங் தண்டையும் உரக்குழியில் போடாமல், சிமெண்டுத் தரையில் பரப்பிச் சருகாகும்வரை காயவைக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கிய இடமாக இருக்கட்டும். மற்ற பச்சையை உரமாக்கலாம். குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சில நாட்கள் நிலைத்தால் பெரும்பாலான களைவிதைகள் செத்துப்போகும். ஓரத்தில் அந்தச் சூடு இருக்காது, அதனால் கிளறித் திருப்பிவிட வேண்டும்.

தொடங்க ஏற்ற காலம், பினாங்கில் தைப்பூசத்தையொட்டிய ஜனவரி, பிப்ரவரி. மழை குறைவு, பிடுங்கியது காயும். நீளக் காலணியும் கையுறையும் அணிந்து, வீட்டுச் சுவரிலிருந்து வேலியை நோக்கி முன்னேறுங்கள். பாம்புக்கு ஓட வழி கிடைக்கும். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். புதருக்குள் கிடக்கும் பழைய பூச்சாடி, டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் முதல் நாளே பொறுக்குங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீரின்றியும் பல மாதம் தாங்கும். மழை பெய்து நீர் நின்றால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். கவிழ்த்து வைப்பது மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் ஒட்டிய முட்டை போகும். தார்ப்பாய் விரித்து மூடுகிறவர்கள் அதன் பள்ளங்களில் நீர் நிற்காமல் பார்க்க வேண்டும்.

பாராங் கத்தியை எடுக்கும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். பறவை போட்ட விதையில் முளைத்த கறிவேப்பிலைக் கன்று, புதருக்குள் பிழைத்திருக்கும் மஞ்சள், பாண்டான் கிடைக்கலாம். அவற்றைக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மூடிய நிலத்தில் தளிர் நீட்டுவது நின்றதும், அட்டையில் ஓட்டை போட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடியை நடலாம். வேகமாகப் படர்ந்து நிலத்தைத் தன் இலையாலேயே மூடும், கொழுந்தைப் பொரியலும் செய்யலாம். பக்கத்துக் காலிமனையில் லாலாங் இருந்தால் வேலியோரமாக 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜிங்க் தகட்டைப் புதையுங்கள். அதைத் தாண்டி வரும் தளிரை வாரம் ஒருமுறை கிள்ளினால் போதும்.