ஆர்கன்: உறுப்பா, கருவியா?

‘ஞாயிறு ஆராதனையில் அவர் உறுப்பு வாசித்தார்.’ இயந்திரம் மொழிபெயர்த்த தமிழில் இப்படி ஒரு வாக்கியம் அவ்வப்போது கண்ணில் படுகிறது. ‘குழாய் உறுப்பு’, ‘உறுப்பு இசைக்கலைஞர்’, ‘உறுப்புக்காக எழுதிய இசை’ என்று அதன் சொந்தபந்தங்களும் கூடவே வரும். கையா காலா, எந்த உறுப்பு என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஆங்கிலத்தில் உடம்பின் பாகத்துக்கும் ஆலயத்து வாத்தியத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று தேடிப் போனால், தமிழில் அதற்கு வெகு பொருத்தமான சொல் ஏற்கெனவே இருப்பது தெரியவரும்.

ஆர்கன் என்பதன் மூலம் கிரேக்கம். ‘ஆர்கனான்’ என்றால் வேலை செய்ய உதவும் பொருள். வேலையைக் குறிக்கும் ‘எர்கான்’ என்ற சொல்லுக்கு இது உறவு. அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களைத் தொகுத்தவர்கள் அந்தத் தொகுதிக்கு ஆர்கனான் என்று பெயர் வைத்ததும் இந்தப் பொருளில்தான்: அறிவு வேலை செய்வதற்கான சாதனம். பார்க்க உதவுவதால் கண் ஓர் ஆர்கனான், கேட்க உதவுவதால் காது ஓர் ஆர்கனான். இசை எழுப்ப உதவுவதும் அதே. இலத்தீனுக்குப் போய் ‘ஆர்கனும்’ ஆனபோது எந்த வாத்தியத்தையும் குறித்தது, பிறகு குழல்கள் வரிசையாக நிற்கும் அந்த ஒரு வாத்தியத்துக்கே உரியதாகச் சுருங்கியது.

இந்த மூன்று பொருளையும் அப்படியே தாங்குகிற தமிழ்ச் சொல் ‘கருவி’. உளியும் சுத்தியலும் கருவி. யாழும் முழவும் கருவி. சைவ சித்தாந்தத்தில் ‘கருவி கரணங்கள்’ என்னும்போது உயிருக்கு உதவுகிற பொறிகளும் புலன்களும் மனமும் கருவிகள். இசை நூல்களோ தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று ஐந்து வகையாகப் பிரித்து, மனிதத் தொண்டையையே மிடற்றுக்கருவி என்று சேர்த்துக்கொண்டன. கிரேக்கனும் தமிழனும் கலந்து பேசாமலேயே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ‘உறுப்பு’ என்பது முழுமையின் பகுதியைச் சொல்வது. அதில் ‘உதவுவது’ என்ற பொருள் இல்லை. மொழிபெயர்க்கும் இயந்திரம் இடறியது அங்கேதான்.

சரி, கருவி என்றே சொல்லிவிடலாமா? முடியாது. தவிலும் கருவிதான், கிடாரும் கருவிதான். பொதுப்பெயரை ஒரு வாத்தியத்துக்கு மட்டும் கொடுக்கத் தமிழ் காது ஒப்பாது. அதனால் வாத்தியத்தையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

அது பிறந்தது ஆலயத்தில் அல்ல, அலெக்சாந்திரியாவில். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் டெசிபியஸ் என்ற பொறியாளர் தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கிக் குழல்களுக்குள் அனுப்பும் கருவியைச் செய்தார். ரோமர்கள் அதை விளையாட்டு அரங்குகளில் முழங்க விட்டார்கள். கேளிக்கைக்கான வாத்தியம் என்பதால் ஆதித் திருச்சபை அதைப் பக்கத்தில் சேர்க்கவில்லை, கீழைத் திருச்சபைகள் பல இன்றும் சேர்ப்பதில்லை. 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்க் அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். மேற்கு ஐரோப்பாவில் அது மெல்ல மெல்ல மடங்களுக்குள்ளும் பேராலயங்களுக்குள்ளும் நுழைந்தது அதற்குப் பிறகுதான். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு குழல் ஆர்கனுக்குத் தனி மரியாதை கொடுத்தது. அதே பத்தியில், வழிபாட்டுக்குத் தகுந்த மற்ற வாத்தியங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தும் விட்டது.

தமிழுக்கு ஆர்கன் வந்த வழி இதைவிட வேடிக்கை. ஆங்கிலத்தின் பழைய அரசர் ஜேம்ஸ் பைபிளில் ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில், யூபால் என்பவன் யாழும் ஆர்கனும் வாசிப்போருக்கெல்லாம் தகப்பன் என்று வரும். எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் ‘ஊகாப்’, பெரும்பாலும் ஊதுகுழல் வகை. நம் பழைய வேதாகமம் அந்த இடத்தை எப்படிச் சொல்கிறது? ‘அவன் கின்னரக்காரர் நாகசுரக்காரர் யாவருக்கும் தகப்பனானான்.’ 150ஆம் சங்கீதத்தில் அதே ஊகாப் ‘யாழோடும் தீங்குழலோடும் அவரைத் துதியுங்கள்’ என்று தீங்குழலாகிறது. ஆங்கிலேயர் ஆர்கன் என்று போட்ட இடத்தில் தமிழர் நாகசுரத்தைக் கேட்டிருக்கிறார்கள். இது வெறும் உள்ளூர்ப் பாசம் இல்லை, சரியான காது. குழல் ஆர்கனில் இரண்டு இனக் குழல்கள் உண்டு. ஒன்று புல்லாங்குழல் போல விளிம்பில் காற்று மோதி ஒலிப்பது. இன்னொன்று உலோக நாக்கு அடித்து ஒலிப்பது, நாகசுரத்தின் வாயில் செருகும் நம் சீவாளிக்குத் தூரத்துச் சொந்தம். தீங்குழலும் நாகசுரமும் அந்த ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது தமிழ்ச் சபைகளைப் பார்க்க மதுரைக்கு வருவோம். நரிமேட்டிலோ டவுன் ஹால் ரோட்டிலோ அரசரடியிலோ ‘ஆர்கன்’ என்றால் என்ன பொருள் என்பது யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு அது காலால் மிதித்து வாசிக்கிற ரீடு ஆர்கன். மர அலமாரி மாதிரி நிற்கும், கீழே காற்றடிக்க இரண்டு மிதி. இளைஞர்களுக்கு அது கீபோர்டில் ஒரு பொத்தான்: மின்வாத்தியங்களின் ஒலிகளுக்கு எண் கொடுக்கும் பொது மிடி வரிசையில் 20ஆம் எண், சர்ச் ஆர்கன். உண்மையான குழல் ஆர்கனைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குப் போய் புனித ஜார்ஜ் பேராலயத்திலோ ஆண்ட்ரூஸ் கிர்க்கிலோ நிமிர்ந்து பார்க்கலாம். மூன்றும் ஒரே பெயரில் உலவுவதால், பாட்டுக்கு மெட்டுப் போட்டு இசை எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் ஆர்கனிஸ்டுக்கு முதல் வேலையே பெயரைப் பிரிப்பதுதான்.

“அண்ணே, இந்த இடத்துல ஆர்கனுக்கு எழுதியிருக்கேன்.”

“எந்த ஆர்கனுக்கு தம்பி?”

இந்தக் கேள்வியில் பாதிப் பாடம் முடிந்துவிடும். இசை எழுத வருகிற தம்பி பெரும்பாலும் பியானோ ஒலியில் பழகியவர். இடது கை அலைபோல ஏறி இறங்கும், மிதியை அழுத்தினால் சுரங்கள் ஒன்றோடொன்று கரையும். ஆர்கனில் அந்த மிதி கிடையாது. பியானோவில் தட்டிய சுரம் தானாகத் தேயும். ஆர்கனில் விரல் இருக்கும் வரை அதே பலத்தில் நிற்கும், விரலை எடுத்த நொடியில் அறுந்துவிடும். ஓங்கி அடித்தாலும் மெதுவாகத் தொட்டாலும் குழலுக்கு ஒன்றுதான். ஆக, ஆர்கனுக்கு எழுதுகிறவர் சுரம் எங்கே தொடங்குகிறது என்பதோடு எங்கே முடிகிறது என்பதையும் எழுத வேண்டும். சபையார் மூச்சு எடுக்கிற இடத்தில் ஆர்கனும் கையைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் பாமாலையின் இரண்டாம் அடியில் சபை ஓரிடத்திலும் ஆர்கன் ஓரிடத்திலும் நிற்கும்.

அடுத்தது அடிக்கணக்கு. எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இழுக்கும் ஆர்கனின் இழுகுமிழ்களில் 16, 8, 4, 2 என்று எண் போட்டிருக்கும். அது குழலின் நீளம், அடிக்கணக்கில். திறந்த குழல் ஒன்று பியானோவின் நடுவில் இருக்கும் ‘நடு சி’யிலிருந்து இரண்டு ஸ்தாயி கீழே இருக்கும் சி சுரத்தை ஒலிக்க ஏறக்குறைய 8 அடி நீளம் வேண்டும், அதாவது 2.4 மீட்டர். நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும், இரட்டிப்பாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். 8 என்ற குமிழை இழுத்தால் எழுதிய சுரம் எழுதியபடி கேட்கும், 4 என்றால் ஒரு ஸ்தாயி மேலே, 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே. காலால் வாசிக்கும் மிதிக்கட்டைக்கு வழக்கமாக 16 அடிக் குழல்கள். இது தெரியாதவர் கீழ்ஸ்தாயி கனமாகக் கேட்க வேண்டும் என்று இடது கையிலேயே சுரங்களை இரட்டித்து எழுதுவார். தெரிந்தவர் ஒற்றைச் சுரத்தை எழுதிவிட்டு ‘16, 8’ என்று மேலே குறித்துவிடுவார். 1935இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் ஆர்கனில் குழலே இல்லை, மின்சாரம்தான். அதன் இழுகம்பிகளிலும் இதே அடிக்கணக்கைத்தான் பொறித்தார்கள். இன்றைய கீபோர்டுகள் பலவற்றின் ஆர்கன் ஒலிகளிலும் அந்த எண்கள் தொடர்கின்றன.

ரீடு ஆர்கன் வேறு குடும்பம். அதில் குழல் இல்லை. பித்தளை நாக்குகள் காற்றில் தடையின்றி அதிர்கின்றன. இதன் நெருங்கிய சொந்தம் ஆர்மோனியம். பாரிஸில் அலெக்சாந்தர் டெபைன் 1840களின் தொடக்கத்தில் உருவாக்கியது, பின்னர் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றவர்களின் கையில் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடும் பெட்டியாக மாறியது. மதுரைக்காரர்களுக்கு இந்தப் பெட்டியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் வழி வந்த ஸ்பெஷல் நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் திரை ஏறாது. ‘பெட்டி வாசிக்கிறவர்’ என்றால் அவர்தான். நம் பாடகர்கள் சுருதியை ‘நாலு கட்டை’, ‘அஞ்சு கட்டை’ என்று சொல்வதும் இந்தப் பெட்டியின் கட்டைகளை எண்ணித்தான். ஒரு கட்டை சி, அஞ்சு கட்டை ஜி. ஆக விசைக்கு ‘கட்டை’, காற்றடிப்பதற்குத் ‘துருத்தி’ என்று பாதிப் பெயர்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. புதிதாக உருவாக்கத் தேவையில்லை.

கர்நாடக இராகத்தில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைக்கு ஆர்கன் எழுதுவதில்தான் உண்மையான சிக்கல். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் போய் அவருடைய பாடல்களைப் பெற்று 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். அதுவரை ஜெர்மன், ஆங்கிலப் பாமாலைகளின் மொழிபெயர்ப்பைப் பாடிப் பழகிய சபைகளில் பல்லவியும் சரணமும் இராகமும் தாளமும் நுழைந்தன. இசை தெரிந்த புலவரிடம் மிஷனரி மாணவராகப் போய் நின்ற காட்சி எனக்குப் பிடித்தமானது. ஆனால் கீர்த்தனை தோடி இராகத்தில் இருந்தால் கட்டை வாத்தியம் என்ன செய்யும்? தோடியின் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், அசைந்தால்தான் தோடி. ஆர்கனில் சுரம் அடித்த ஆணி மாதிரி நிற்கும். இதே குறையைக் காரணமாகச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. விவரம் தெரிந்த ஆர்கனிஸ்ட் இங்கே சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: மெட்டோடு ஓடாதே, ஒத்து பிடி, அதாவது ஆதார சுருதியை விடாமல் நிறுத்து. ஆதார சட்ஜமமும் பஞ்சமமும் நின்றால் போதும். நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் உட்காரும் ஒத்துக்காரரின் வேலை அது. நான்கு குரல்களை அடுக்கும் மேற்கத்திய ஆர்மனியைக் கீர்த்தனை மேல் ஏற்றுவதைவிட இது நூறு மடங்கு நன்றாகக் கேட்கும் என்பது என் எண்ணம். சங்கராபரணம், கமாஸ் போன்ற இராகங்களில் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்கனே எதற்கு என்று கேட்டவர்களும் மதுரையில் இருந்தார்கள். அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அழைக்கப்பட்டவர், கிராமத்து மக்களுக்கு மேற்கத்திய பாமாலையும் அந்நியம், கர்நாடகக் கீர்த்தனையும் அந்நியம் என்று சொல்லி, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். அவர் பாட்டுக்கு ஆர்கன் எழுதுகிறேன் என்று யாராவது கிளம்பினால், பறைக்கு எங்கே இடம் விட வேண்டும் என்பதை முதலில் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

சரி, தமிழில் என்னதான் எழுதுவது? பேச்சிலும் பொது எழுத்திலும் ‘ஆர்கன்’ என்ற கடன்சொல்லே போதும். வயலினையும் கிளாரினெட்டையும் ஏற்ற தமிழ் இதை ஏற்பதில் குற்றமில்லை. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் குழல் ஆர்கன், ரீடு ஆர்கன், மின் ஆர்கன் என்று முன்னொட்டுப் போடலாம். ‘குழாய்’ வேண்டாம், அது தண்ணீர் வருவது. இசைக்குக் ‘குழல்’. தனித்தமிழில்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சங்கச் சொல்லான ‘இயம்’ கைகொடுக்கும். இயம் என்றால் வாத்தியம், பல வாத்தியம் சேர்ந்தால் பல்லியம். நெடும்பல்லியத்தனார் என்று புறநானூற்றுப் புலவர் ஒருவரின் பெயரே அதிலிருந்து வந்தது. அந்த வழியில் ‘பல்குழல் இயம்’ என்றால் குழல் ஆர்கனுக்குப் பொருளும் ஓசையும் பொருந்துகிறது. ‘வங்கியம்’ என்ற பழஞ்சொல்லைச் சிலர் எடுப்பதுண்டு. சிலப்பதிகார உரையில் அது மூங்கிலிலும் சந்தனத்திலும் வெண்கலத்திலும் செய்கிற ஒற்றைத் துளைக்கருவி. ஒரு குழலின் பெயரை நூற்றுக்கணக்கான குழல்களுக்குக் கொடுப்பது சரியாகப் படவில்லை.

வாசிப்பவரை ‘ஆர்கனிஸ்ட்’ என்றோ ‘ஆர்கன் வாசிப்பவர்’ என்றோ எழுதலாம். இசைத்தாளின் தலைப்பில் கருவியின் பெயரை எழுதும்போது மட்டும் சோம்பல் கூடாது. வெறுமனே ஆர்கன் என்று எழுதாமல், ‘மின் ஆர்கன், குழல் ஒலி, 8, 4, மிதிக்கட்டை இல்லை’ என்று ஒரு வரி சேர்த்தால், தாளை வாங்குகிறவர் திரும்ப வந்து கேட்க மாட்டார்.