கெசட் வந்த பிறகு வக்கீலைத் தேடி வராதீர்கள்

உள்ளாட்சி வார்டு எல்லை அரசிதழில் (கெசட்டில்) வந்துவிட்டால் அதற்கு ஸ்டே, அதாவது கோர்ட்டுத் தடை, வாங்கித் தர என்னால் முடியாது. பாளையங்கோட்டையில் வேறு எந்த வக்கீலிடம் போனாலும் இதே கதைதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, "கேஸ் போட்டாச்சு" என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு ஆகிற செலவில் கோயில் கொடையை இன்னும் ஒரு நாள் கூட்டி நடத்தலாம்.

இந்த மாதமும் ஒரு வேன் ஆட்கள் வந்தார்கள். ஒரு பேரூராட்சிக்காரர்கள். கையில் அரசிதழ் நகல், வருஷக்கணக்காக மடித்து வைத்ததில் மடிப்போரம் கிழிந்துபோய் இருந்தது. தேர்தல் பேச்சு எழுந்ததும் பீரோவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவர்கள் தெருவில் கீழ வரிசை வீடுகள் ஒரு வார்டு, மேல வரிசை வீடுகள் இன்னொரு வார்டு. தெருவிளக்குக் கம்பம் மேல வரிசையில் நிற்கிறது, வாறுகால் கீழ வரிசையில் ஓடுகிறது. பல்பு எரியவில்லை என்றால் ஒரு கவுன்சிலர், சாக்கடை அடைத்தால் இன்னொரு கவுன்சிலர். ரெண்டு பேரும் "அது அவரு ஏரியா" என்று கையைக் காட்டுகிறார்கள். குறை நியாயமானதுதான், மறுக்கவில்லை.

"ஒரு ஸ்டே மட்டும் வாங்கித் தாங்க அண்ணாச்சி, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் மூத்தவர்.

"வரைவு வந்தப்போ ஆட்சேபணை குடுத்தீங்களா?"

"அது எப்ப வந்துச்சு?"

வரைவு என்பது, இறுதி எல்லையை அரசிதழில் போடும் முன் ஆட்சேபணை கேட்டு வெளியிடுவது. அது 2017 டிசம்பர் கடைசியில் வந்தது. கிறிஸ்துமஸும் மார்கழியும் சேர்ந்த நேரம். ஆட்சேபணைக்கு விட்ட நாட்களும் கொஞ்சம்தான், அதில் அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் எழுதிக் கொடுத்த ஊர்களும் இருந்தன. எழுதாதவர்களுக்கு இத்தனை வருஷம் கழித்து நான் என்ன செய்வது?

இப்போது எனக்கு ஆகவே ஆகாத வாதத்துக்கு வருகிறேன். வேனில் வந்தவர்களும் சொன்னார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள், படித்த வாத்தியார்களும் சொல்கிறார்கள்: "2019-ல சுப்ரீம் கோர்ட்டே நம்ம மாவட்டத் தேர்தலை நிறுத்துச்சே, இப்ப மட்டும் ஏன் முடியாது?"

நிறுத்தியது உண்மை. எதற்காக நிறுத்தியது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் தெரு ரெண்டாகப் பிரிந்ததற்காக இல்லை. எந்த வார்டின் கோடும் தப்பு என்பதற்காகவும் இல்லை. 2019 நவம்பர் 22-ல் நம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒரு மாவட்டம் ரெண்டாக உடைந்தால் மாவட்ட ஊராட்சி என்கிற அமைப்பும் உடைய வேண்டும், அதற்கான வார்டுகளைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். அதைச் செய்யாமலே டிசம்பரில் தேர்தல் அறிவித்தார்கள். இதே நிலையில் திருநெல்வேலி, தென்காசி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று ஒன்பது மாவட்டங்கள். முதலில் பிரியுங்கள், பிறகு தேர்தல் நடத்துங்கள் என்று டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, பிரிக்கவே இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. உங்கள் பிரச்சினை பிரித்த விதம் பிடிக்கவில்லை என்பது. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். ஒன்றில் கோர்ட்டுக் கதவு திறந்திருந்தது, மற்றதில் அரசியல் சட்டமே அதைச் சாத்தி வைத்திருக்கிறது. ஊராட்சிகளுக்கு 243-ஓ பிரிவு, நகர அமைப்புகளுக்கு 243-இசட்ஜி. எல்லை வரைவது, இடங்களை ஒதுக்குவது பற்றி 243-கே, 243-இசட்ஏ பிரிவுகளின்கீழ் செய்த சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அதில் எழுதியிருக்கிறது.

2024-ல் உச்ச நீதிமன்றம் ஒரு குஜராத் வழக்கில், மறுவரையறை உத்தரவு அப்பட்டமாகத் தன்னிச்சையாக இருந்தால், அரசியல் சட்ட விழுமியங்களுக்கு ஒவ்வாததாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி "வழி இருக்கு சார்" என்பவர்களுக்கு: இருக்கிறது, ஊசிக் காதளவு. தெருவிளக்குக் கம்பத்தை வைத்துக்கொண்டு அதில் நுழைய முடியாது.

இன்னொன்று. அந்த 2019 தடையால் நமக்கு என்ன கிடைத்தது என்றும் கொஞ்சம் யோசியுங்கள். நாலு மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். கால நீட்டிப்பு, கொரோனா, மறுபடி கால நீட்டிப்பு. கடைசியில் ஓட்டுப் போட்டது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். முந்தைய பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது 2016 அக்டோபரில். ஐந்து வருஷம் நம் ஒன்பது ஒன்றியங்களிலும் கிராம ஊராட்சிகளிலும் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர் கிடையாது, அரசு போட்ட தனி அலுவலர்தான். தண்ணீர் வராவிட்டால் யாரிடம் சொல்வது என்று அலைந்ததை அதற்குள் மறந்துவிட்டோம். ஸ்டே என்பது இப்படியும் இருக்கும்.

அடுத்து, கணக்கு. ஆட்சேபணை கொடுக்கிற சிலரும் வாக்காளர் பட்டியலைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "மூணாவது வார்டுல தொள்ளாயிரம் ஓட்டு, நாலாவதுல அறுநூறு ஓட்டு, அநியாயம்." சட்டம் கேட்பது ஆள் கணக்கு, ஓட்டுக் கணக்கு இல்லை. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணிக்கைதான் அடிப்படை. நமக்கு இன்றுவரை அது 2011. நம் பக்கத்தில் இந்த ரெண்டு கணக்கும் ஒட்டவே ஒட்டாது. மும்பையிலும் திருப்பூரிலும் குடும்பத்தோடு இருப்பவர் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கும், கொடைக்கும் தேர்தலுக்கும் வந்துபோவார். கணக்கெடுப்பில் அவர் அங்கேதான் தலை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் இதற்கு நேர்மாறு: ஓட்டு இல்லை, தலை உண்டு. திருநெல்வேலி மாநகராட்சியை எடுங்கள். 2011-ல் சுமார் 4,73,000 பேர், 55 வார்டு. வகுத்தால் வார்டுக்கு ஏறக்குறைய 8,600 பேர். உங்கள் வார்டு அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் பேச்சு. எத்தனை ஓட்டு யாருக்கு விழும் என்பது கட்சிக்காரர்களின் கவலை.

(எம்.பி. தொகுதி மறுவரையறை, தென் மாநிலங்களுக்கு இடம் குறையும் என்ற விவாதம், இதெல்லாம் வேறு ஆணையம், வேறு சட்டம். வார்டு பிரிப்பது 2017-ம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையிலான ஆணையம். இதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.)

வார்டு மாறினால் பட்டா செல்லாது என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. நகரப் பட்டாவில் "வார்டு, பிளாக்" என்று இருப்பது நகர நில அளவை வார்டு. கவுன்சிலர் வார்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பயம் வேண்டாம், புரோக்கருக்குப் பணமும் வேண்டாம்.

இனி ஆட்சேபணை மனு. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் புலம்பல். "காலங்காலமாக ஒற்றுமையாக வாழ்ந்துவரும் எங்கள் தெருவை" என்று தொடங்கி ரெண்டு பக்கம். நூறு கையெழுத்து. அதிகாரி படிக்கிறார், மூடி வைக்கிறார். ஏன் தெரியுமா? உங்கள் தெருவை வடக்கு வார்டிலிருந்து எடுத்துத் தெற்கு வார்டில் சேர்த்தால் தெற்கு வீங்கும், வடக்கு மெலியும். அதற்கு ஈடாக எதை வடக்கே தள்ளுவது என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த வேலையை அதிகாரி உட்கார்ந்து செய்யமாட்டார், அவர் மேசையில் ஒரு மாவட்டமே கிடக்கிறது. எண்ணிக்கை, கணக்கெடுப்புக்காகப் பிரித்த பிளாக் பிளாக்காகத்தான் அவரிடம் இருக்கும், வீடு வீடாக இல்லை. ஆகவே மனுவில் மாற்றுத் திட்டம் இருக்க வேண்டும்: இந்தத் தெருவை இங்கே சேருங்கள், இத்தனை பேர், அதற்குப் பதில் இன்ன தெருவை அங்கே விடுங்கள், இத்தனை பேர், இப்போது ரெண்டு வார்டும் சராசரியை ஒட்டி வருகிறது, எல்லை இன்ன வாய்க்காலோடு போகிறது. கூடவே கையால் வரைந்த வரைபடம் ஒன்று, வாய்க்கால், ரோடு, பாலம் குறித்து. ரெண்டு பக்கம் போதும். இதற்கு வக்கீலே வேண்டாம், என் தொழிலுக்குக் கேடு என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

பாலம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வரைபடத்தில் கோடு போடுகிறவருக்குப் பாளையங்கால்வாயும் கோடகன் கால்வாயும் நீலக் கோடுகள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் முப்பது வீடு, அந்தப் பக்கம் வாக்குச்சாவடி, நடுவில் பாலம் இல்லை என்றால் எண்பது வயது ஆச்சி எவ்வளவு சுற்றி நடக்க வேண்டும் என்று வரைபடம் சொல்லாது. அதை நீங்கள் சொல்ல வேண்டும். இந்த மாதிரி மனு பலமுறை ஏற்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் வேன் பிடித்து வருவதில்லை. ஆதிதிராவிடர் குடியிருப்பை ரெண்டாக, மூன்றாக வெட்டிப் பக்கத்து வார்டுகளில் கலந்துவிடுவது. அவர்களுக்கு ஒதுக்குகிற தனி வார்டு எது என்பது, வார்டு பிரித்த பிறகு, எந்த வார்டில் அவர்கள் விகிதம் அதிகம் என்று பார்த்து வருவது. குடியிருப்பு முழுதாக ஒரு வார்டில் இருந்தால் பட்டியலில் மேலே நிற்கும். நடுவே ரோட்டை எல்லையாக்கிப் பிளந்தால் மூன்று வார்டிலும் சிறுபான்மை, எதுவும் தனி வார்டு ஆகாது, பொது வார்டில் நின்று ஜெயிக்கவும் ஆள் பலம் இருக்காது. கோடு போட்டவர் வேண்டுமென்றே செய்தாரா, ரோடு நேராக இருக்கிறதே என்று செய்தாரா, அது வேறு கேள்வி. விளைவு ஒன்றுதான். எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரிகிற ஊர்கள் நம்முடையவை, தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதில் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தக் குடியிருப்பில் படித்த பிள்ளைகள் யாராவது இருந்தால், வரைவு வந்த அன்றே எல்லை விவரத்தை வாசித்துப் பாருங்கள். "கிழக்கில்", "மேற்கில்" என்று நாலு வரிதான் இருக்கும், உங்கள் தெருப்பெயர் எத்தனை வார்டில் வருகிறது என்று விரலை வைத்து எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் அன்றைக்கே எழுதுங்கள்.

கிராமத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களுக்கு நாலு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். தலைவருக்கு ஊர் முழுக்க ஒரே எல்லை, மற்ற மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வார்டு. ஊர் வார்டை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார்கள். ஒன்றிய வார்டில் உங்கள் ஊராட்சி எந்த ஊர்களோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? ரோடும் பாலமும் கேட்கப் போவது அங்கேதான்.

வரைவு ஒட்டினால் போனில் படம் எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. மனுவைக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை சீல் வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், கெடு அதற்குள் முடிந்துவிடும். கவுன்சிலரிடம் கொடுத்து "அவர் பாத்துக்கிடுவார்" என்று விடவே விடாதீர்கள். எந்தக் கோடு அவருக்கு லாபமோ அதைத்தான் பார்ப்பார். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று உட்காராதீர்கள், பதிலுக்கே முப்பது நாள். வார்டு, கிராம வாரியான 2011 எண்ணிக்கை கணக்கெடுப்புத் துறை இணையதளத்தில் கிடைக்கிறது, இன்றே எடுத்து வைக்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் ஊரோடு போய்ச் சத்தம் போடாமல் ரெண்டு பேர் போங்கள், ஒருவர் கையில் வரைபடம்.

வார்டு வாரியான வாக்காளர் பட்டியல் வரும்போது உங்கள் பெயர் சரியான வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வார்டாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது ஒரு பக்கம் இடம் மாறினால் தெருவே அடுத்த வார்டுக்குப் போய்விடும். எல்லைக் கோடு சரி, பட்டியல் தப்பு. இதைத் திருத்த முடியும், வேட்புமனுத் தாக்கலுக்கு முன்னால் சொன்னால்.

2027 கணக்கெடுப்பின் எண்ணிக்கை வெளியானதும் இந்த வார்டுகளையெல்லாம் மறுபடி கையில் எடுத்தாக வேண்டும். அதற்கான தலை எண்ணுகிற வேலை 2027 பிப்ரவரியில். எண்ண வருகிற டீச்சரிடம் கைக்குழந்தையையும் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். "வீட்ல மூணு பேர்தான் டீச்சர்" என்று வாசலிலேயே அனுப்பி வைத்தால், அடுத்த பத்து வருஷத்துக்கு உங்கள் தெருவின் கணக்கு அந்த மூன்றுதான்.