வௌவால் சப்பிய பழமும் மச்சில் ஈன்ற மரநாயும்

சக்கை, அதாவது பலா, பழுக்கத் தொடங்கியதும் எனக்கு வரும் போன்களின் ரகம் மாறிவிடும். மாசி, பங்குனி வரை மாட்டுக்கு மடிநோய், ஆட்டுக்குக் கழிச்சல் என்று கூப்பிட்டவர்கள், சித்திரை பிறந்ததும் "சாரே, மட்டுப்பாவில (மொட்டை மாடியில) என்னமோ வந்து கழிஞ்சு வச்சிருக்கு, பூராவும் கொட்டையா கிடக்கு" என்று ஆரம்பிப்பார்கள். ஆனி, ஆடியில் ரம்புட்டான் சிவக்கும்போது வலையில் மாட்டிய வௌவால் வரும். நடுவில் குரங்கு கடித்த நாய், கிணற்றில் விழுந்த கீரி, பூனைக்குட்டி என்று நினைத்து எடுத்து வந்த மரநாய்க்குட்டி.

நான் கால்நடை மருத்துவர். காட்டுயிர் என் அன்றாட வேலை இல்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் வீட்டு விளைக்கும் (தோட்டத்துக்கும்) காட்டுக்கும் நடுவில் கோடு போட முடியாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டைச் சுற்றிச் சக்கை, அயனி, மா, கொல்லாமரம் (முந்திரி), கமுகு, வாழை. அதைத் தாண்டினால் ரப்பர். ரப்பரைத் தாண்டினால் மலை. இப்போது ரம்புட்டானும் மங்குஸ்தானும் சேர்ந்துகொண்டன. இத்தனை பழம் இருக்கும் இடத்துக்கு இவை வராமல் இருந்தால்தான் அதிசயம். கேட்பவர்களுக்கு இரண்டு கேள்விதான்: இதை எப்படி விரட்டுவது, அல்லது இதை எப்படி வளர்ப்பது. இரண்டுமே வேண்டாம் என்பேன். மரத்தில் இருக்கும்வரை அதனால் நமக்கு ஆபத்து சொற்பம். கையால் தொடும்போதும், தப்பான வலையைக் கட்டும்போதும், அது கடித்துப் போட்டதைத் தின்னும்போதும்தான் வம்பு வருகிறது.

வந்தது யார் என்று தெரிந்துகொள்ள ராத்திரி கண்விழிக்க வேண்டாம். காலையில் மரத்தடியைப் பார்த்தால் போதும். வௌவால் பழத்தை முழுதாக விழுங்காது. மென்று சாற்றைக் குடித்துவிட்டு நாரைத் தட்டையான உருண்டையாகத் துப்பிவிடும். அந்த உருண்டையில் அதன் அண்ணத்து வரிகள்கூடப் பதிந்திருக்கும். சிறிய ரக வௌவால் பறித்த மரத்திலேயே உட்கார்ந்து தின்பதில்லை. பக்கத்துக் கமுகுக்கோ நெட்டிலிங்கத்துக்கோ தூக்கிப் போய்விடும். அதனால்தான் கொய்யாமரமே இல்லாத வீட்டு முற்றத்தில் கொய்யா எச்சம் கிடக்கிறது. கொல்லாம்பழக் காலத்தில் வௌவால் தங்கும் மரத்தடியில் அண்டி (முந்திரிக்கொட்டை) பொறுக்குவது பழைய வழக்கம். புன்னைக்கொட்டையும் அப்படித்தான். அணில் பகலில் வரும். அதன் பல்தடம் உளியால் செதுக்கியதுபோல ஜோடி ஜோடியாக இருக்கும். குரங்கு ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிக்கும், பார்க்கிறவருக்கு வயிறு எரியும். மரச்சீனிச் (மரவள்ளிச்) செடியின் அடியைக் கிளறிப் போட்டிருந்தால் காட்டுப்பன்றி. கீழே விழுந்த சக்கையை நறுக்குநறுக்கென்று கொறித்திருந்தால் முள்ளம்பன்றியாக இருக்கலாம்.

மட்டுப்பாவில் கொட்டையாகக் கிடந்தது மரநாயின் எச்சம். மேற்கே மரப்பட்டி என்பார்கள். பெயரில் நாய் இருந்தாலும் அது நாய் இனமில்லை, புனுகுப்பூனையின் சொந்தம். சப்போட்டா, ரம்புட்டான், கூந்தல்பனைக் கொட்டை எல்லாம் உடையாமல் அப்படியே வெளியே வரும். மதில்மேல், ஓட்டின் கூரைமேல், தண்ணீர்த் தொட்டி மூடிமேல் என்று திறந்த இடமாகப் பார்த்துத்தான் கழிக்கும். பழுத்த பழத்தை அதைப்போலத் தேர்ந்து எடுக்க நம்மால் முடியாது. நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்ட சக்கையின் அடிப்பாகம் மறுநாள் திறந்து கிடக்கும். ஆனால் எலியையும் பூச்சியையும் அதே மரநாய்தான் தின்கிறது.

பழைய ஓட்டு வீட்டு மச்சில் அது குட்டி போட்டால் பதற்றம் வருவது நியாயம்தான். ராத்திரி முழுக்க உருட்டல், கூடவே மூத்திர நாற்றம். ஆனால் சில வாரம் பொறுத்தால் போதும். குட்டிகள் கண்திறந்து நடமாட ஆரம்பித்ததும் தாயே இடம் மாற்றிவிடும், மூன்று மாதத்துக்குள் அவை தன் வழியைப் பார்த்துப் போய்விடும். போன பிறகு, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓட்டு இடுக்கையும் மச்சுத் துவாரத்தையும் கம்பிவலையால் அடையுங்கள். குட்டி உள்ளே இருக்கும்போது அடைத்தால் தாய் ஓட்டையே பெயர்க்கும். மேலே வீட்டுக்குத் தொங்கும் மாங்கிளையை வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் பாதித் தொல்லை இல்லை.

குட்டியைக் கீழே பார்த்தால் என்ன செய்வது? பெரும்பாலும் செய்வது இதுதான்: அட்டைப்பெட்டி, பழைய துணி, ஒரு கிண்ணத்தில் பசும்பால். மறுநாள் வயிற்றுப்போக்கு, அதற்கடுத்த நாள் என்னிடம் கொண்டு வருவார்கள். ஒருமுறை பள்ளிப் பையன் ஒருவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்தான். குட்டியின் வாயோரம் பால் காய்ந்து ஒட்டியிருந்தது, பின்கால் இரண்டும் கழிசலில் நனைந்து பிசுபிசுத்தன. உடம்பு ஆமை ஓட்டைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது. முதலில் சூடு, பிறகுதான் மற்ற எதுவும் என்று துணியில் சுற்றி வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் வைத்தோம். அவன் கையில் இரண்டு கீறல் இருந்தது. அவனையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. காயம் இல்லாத குட்டி என்றால் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் உயரமான இடத்தில் பெட்டியோடு வையுங்கள், நாயைக் கட்டிப் போடுங்கள், விளக்கை அணையுங்கள். தாய் இரவில் தேடி வரும். விடிந்தும் வரவில்லை, அல்லது காயம் இருக்கிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாவட்ட வன அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. வேளிமலை, பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், குலசேகரம், களியல் சரக அலுவலகங்களில் உங்களுக்குப் பக்கத்தில் உள்ளதில் சொன்னாலும் போதும்.

அடுத்தது வலை. ரம்புட்டானுக்குக் கட்டுகிற மெல்லிய நைலான் வலைதான் நான் பார்த்ததிலேயே மோசமானது. பழைய மீன்வலையும் கிட்டத்தட்ட அதேதான். கண் பெரியது, தொளதொளவென்று தொங்கும், இருட்டில் தெரியாது. பெரிய பழந்தின்னி வௌவால் ஒரு கிலோவுக்கு மேல் எடையிருக்கும், சிறகு விரித்தால் நாலு அடி. மோதியதும் உருண்டு திமிறும், திமிறத் திமிற நூல் இறக்கைச் சவ்வுக்குள் இறங்கும். காலையில் நான் போகும்போது வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருக்கும், பெருவிரல் நகம் வலைக்கண்ணில் கொக்கி போட்டிருக்கும். சிலசமயம் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டியும் இருக்கும். வருஷத்துக்கு ஒரே குட்டிதான் ஈனுகிறது. வெட்ட வேண்டியது வலையை. உயிரை இழுக்கக் கூடாது. அதையும் நீங்கள் செய்ய வேண்டாம். அறுத்துவிட்டதும் பறந்து போனால் பிழைத்தது என்று நினைத்துவிடவும் வேண்டாம். நூல் இறுக்கிய இடத்தில் ரத்தம் ஓடாமல் சவ்வு சில நாள் கழித்துத்தான் அழுகும். அதனால் கையுறையும் தடித்த டவலும் உள்ளவர்கள் வந்து எடுத்து, சில நாள் வைத்துப் பார்த்துத்தான் விட வேண்டும்.

வலை கட்டத்தான் வேண்டும் என்றால் சுண்டுவிரல் நுழையாத கண் உள்ளதாக, வெள்ளை நிறமாக வாங்கி, சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சின்ன மரமென்றால் வலையே வேண்டாம், குலைக்குக் குலை துணிப்பை போதும். நம் தாத்தாமார் சக்கையைத் தென்னோலையில் பொதிந்தார்கள், ஏத்தன் வாழைக்குலையை வாழைச்சருகால் மூடினார்கள். செலவில்லாத வேலை, இன்றைக்கும் பலிக்கிறது. பன்றிக்கென்று கரண்டைக் கொக்கி போட்டு வேலியில் விடுவதும், பழத்துக்குள் வெடி வைப்பதும் வேறு கதை. அது குற்றம், அதில் மனிதரும் சாகிறார்கள்.

சரி, வௌவாலிடமிருந்து வரும் நிபா வைரஸ் நோய்க்கு வருவோம். கேரளத்தில் செய்தி வந்தால் எல்லையில் உள்ள களியக்காவிளையில் சோதனை தொடங்கும், அன்றே இங்கே யாராவது வௌவால் அடைந்த மரத்தை வெட்டலாமா என்று கேட்பார்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறத்தில் 17 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் நோயாளி வீட்டுக் கிணற்றில் பிடித்த வௌவால்கள் பூச்சி தின்கிற வகை, அவற்றில் வைரஸ் இல்லை. பிறகு அந்தப் பகுதியில் பிடித்த பழந்தின்னி வௌவால்களில்தான் கிடைத்தது. ஆனால் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் நோயாளிகளிடமிருந்தே, ஆஸ்பத்திரிகளில் பரவியது. 2021இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் இறந்தபோது ரம்புட்டான் மேல் சந்தேகம் விழுந்தது. பழத்தால்தான் வந்தது என்று நிரூபணமாகவில்லை. இந்தியாவில் இந்த நோய்ப் பரவல் பதிவானது மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும். ஆனாலும் வௌவாலுக்குக் களியக்காவிளை எல்லை தெரியாது. பயப்படத் தேவையில்லை, பழக்கத்தை மாற்றினால் போதும்.

பல்தடமோ நகக்கீறலோ உள்ள பழத்தைத் தின்னாதீர்கள். கடித்த இடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைத் தின்பதும் கூடாது. "கிளி கொத்தின பழம் இனிக்கும்" என்பது சரிதான், ஆனால் கொத்தியது கிளியா, சப்பியது வௌவாலா என்று பழம் சொல்லாது. முழுப் பழத்தை ஓடுகிற தண்ணீரில் கழுவி, தோலுரித்துத் தின்னுங்கள். மரத்தடியில் கிடப்பதைப் பிள்ளைகள் பொறுக்க விடாதீர்கள். வௌவால் தங்கும் மரத்தடியில் கிணறு இருந்தால் வலைமூடி போடுங்கள்.

கால்நடை மருத்துவராக நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இங்கே பன்றி வளர்ப்பவர்கள் நிறைய. 1998, 99இல் மலேசியாவில் நிபா முதலில் வெளிப்பட்டது பன்றிப் பண்ணைகளில்தான். பண்ணையை ஒட்டிப் பழமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழுந்தது. பன்றிக்கு வந்தது, பன்றியிடமிருந்து ஆளுக்கு வந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். எனவே பன்றித் தொழுவத்துக்கு மேலே மா, சக்கை, கொய்யா கிளை நீட்டக் கூடாது, உதிர்ந்த பழத்தைப் பன்றிக்குப் போடக் கூடாது. பன்றிக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கடும் இருமலுமாகப் பலதுக்கு ஒன்றாக வந்தால் சந்தையில் விற்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் அக்கானி, அதாவது பதநீர். வங்கதேசத்தில் நிபா வருவது பச்சை ஈச்சஞ்சாற்றால். ராத்திரி வௌவால் வந்து செதுக்கிய இடத்தை நக்கிக் குடிப்பதை அங்கே கேமராவில் பதிவு செய்தார்கள். நம் பனையில் பாளை கலயத்துக்குள் இருக்கிறது, ஆனாலும் வௌவாலும் மரநாயும் அதைத் தேடித்தான் ஏறுகின்றன. கலயத்தின் வாயைப் பன்னாடையால் இறுக மூடச் சொல்லுங்கள். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு புளிக்காமல் இருப்பதற்கு; கிருமிக்கு அது மருந்து என்று நம்பாதீர்கள். காய்ச்சிக் குடித்தால் கவலையில்லை, கருப்பட்டிக்குக் கேள்வியே இல்லை.

வௌவால் மரத்தை வெட்டுவதும் பட்டாசு வெடிப்பதும் பலன் தராது. கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் போகும். ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவு வைரஸான ஹெண்ட்ராவை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்கள், இரை கிடைக்காமல் தவிக்கும் காலத்தில்தான் வௌவால்கள் அதிகமாக வைரஸைக் கழிக்கின்றன என்று கண்டார்கள். மேலும் 2022இல் திருத்திய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பழந்தின்னி வௌவால் இனி 'தீங்குயிர்' பட்டியலில் இல்லை. மரநாயையும் பிடிக்கவோ கொல்லவோ வளர்க்கவோ கூடாது. தேவாங்கு, மயில் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எது கடித்தாலும் கீறினாலும் முதல் மருந்து சோப்பும் குழாய்த் தண்ணீரும். பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம், தையலும் உடனே வேண்டாம். குரங்கு, மரநாய், கீரி போன்ற காட்டு விலங்கின் கடியை மிகக் கடுமையான மூன்றாம் வகைக் கடியாகவே எடுப்பார்கள். வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசியும் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். 0, 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை. மூன்றாவதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். வீட்டு நாய் மரநாயோடு சண்டை போட்டால் அதையும் கொண்டு வாருங்கள். வருஷாவருஷம் ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும்.

உதிர்ந்த பழத்தை அழுக விட்டால் எலி வரும், எலிக்காய்ச்சல் வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ரப்பர் சருகுக்குள் சின்னதாகச் சுருண்டு கிடக்கும் கூன்மூக்கு விரியன் கடித்தால் நம் நாட்டு விஷமுறிவு மருந்து அதற்குப் பலிக்காது, சிறுநீரகம் பாதிக்கலாம். ஆகவே டார்ச் இல்லாமல் இருட்டில் சக்கை பொறுக்கப் போகாதீர்கள்.

கடைசியாக, மழைக்காலத்தில் அடிக்கடி வரும் கேள்வி: மரநாயோ கீரியோ கிணற்றில் விழுந்துவிட்டது. கயிறு கட்டி இறங்க வேண்டாம், கூட்டமும் கூட வேண்டாம். கரடுமுரடான மூங்கிலையோ கமுகுத்தடியில் சாக்கைச் சுற்றியோ தண்ணீரிலிருந்து விளிம்புவரை சாய்த்து இறக்கிவிட்டு, நாயைக் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போங்கள். மரநாய் அநேகமாக அன்று இரவே ஏறிப் போய்விடும். காலையிலும் இருந்தால் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். செத்து மிதந்தால் தண்ணீரை இறைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்து சுகாதார ஆய்வாளரிடம் அளவு கேட்டு பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே குடிக்க எடுங்கள்.