நித்திரைக் குளிசைக்கு முன் ஒரு மூங்கில் நிழல்

"டொக்டர், நித்திரைக்கு ஒரு குளிசை தாங்கோ." மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்கு பிரஷர் 150க்கு 100. மகன் கட்டாரில். அம்மா இரவெல்லாம் போனைப் பார்த்தபடியே கிடக்கிறாராம்.

பிரஷர் மருந்தைத் தவறாமல் போடச் சொன்னேன். நித்திரைக் குளிசை மட்டும் எழுதவில்லை. "மகாவலி கங்கைக் கரையில மூங்கில் பற்றையள் இருக்கெல்லோ? வெயில் ஏற முதல் அதுக்குள்ளால அரை மணித்தியாலம் நடவுங்கோ. போன் வீட்டில இருக்கட்டும்."

மூங்கிலைச் சொன்னதற்குக் காரணம் அதன் ஓசை. கச்சான் காற்று அனலாய் அடிக்கும் நாளிலும் அந்த நிழலுக்குள் இலைகள் சலசலக்கும், தண்டுகள் ஒன்றோடொன்று உரசி முனகும். காலடியில் சருகு மெத்தை. நடை தானாகத் தளர்கிறது. மூச்சை நீளமாக விடும்போது நாடி தணியும்; அங்கே அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானிய வனத்துறை 1982இல் இதற்கு 'ஷின்ரின் யோகு', அதாவது வனக்குளியல், என்று பெயரிட்டது. நகரத்தில் நடந்தவர்களைவிடக் காட்டில் நடந்தவர்களுக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும், மன அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனும் குறைந்திருந்ததை அந்நாட்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். கியோட்டோவின் சாகானோ மூங்கில் காட்டுக் காற்றோசை, 1996இல் அந்த நாடு காக்க விரும்பிய 100 ஒலிகளில் ஒன்றானது.

ஒரு மாதம் கழித்து அம்மா வந்தார். நித்திரை இன்னும் சீராகவில்லை. ஆனால் நடுச்சாமத்தில் நெஞ்சு படபடத்து எழும்புவது குறைந்துவிட்டது என்றார். எனக்கு அது பெரிய செய்தி.

பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் ராட்சத மூங்கில்கள் வானளாவ நிற்கும். அதே ஆறுதான் நம் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மூங்கில் மரமல்ல, புல்லினம். அதன் கிழங்குகள் மண்ணுக்குள் பின்னிப் பிணைந்து கரையை இறுகப் பிடிக்கின்றன. தண்டை வெட்டினால் மீண்டும் குருத்துவிடும். கிழங்கோடு கிளறி எடுத்தால் மார்கழி வெள்ளத்தில் கரையே சரியும். மணல் அள்ளிய இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தயவுசெய்து பற்றைகளுக்கு நெருப்பு வைக்காதீர்கள்.

நடக்கப் போகிறவர்கள் பற்றைக்குள் கையை விடவேண்டாம், பாம்பு இருக்கும். யானை நடமாடும் பக்கமென்றால் நன்றாக விடிந்த பிறகு, துணையோடு போங்கள்.

வெட்டிய குற்றிகளில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. வெட்டுவதானால் கணுவுக்கு மேலே ஒட்ட வெட்டுங்கள். பழைய குற்றிகளுக்கு மண் போட்டு நிரப்புங்கள்.