நாற்பது பூட்டு, ஒரே கடவுச்சொல்

2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வவுனியா முகாம்களுக்குப் போன பல குடும்பங்களிடம் காணி உறுதியோ பிறப்புப் பத்திரமோ மிஞ்சவில்லை. பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) அலைந்து மறுபிரதி எடுத்தவர்கள் சிலர், இப்போது அவற்றை ஸ்கேன் செய்து பூட்டி வைக்கிறார்கள். மிக நல்ல பழக்கம். அதற்கு ஜிபிஜி போதும். வெர்னர் கோச் எழுதிய, கோப்புகளை மறையாக்கிப் பூட்டும் இந்த இலவச மென்பொருளின் 1.0 பதிப்பு 1999இல் வெளிவந்தது.

காணிப் பிணக்கு ஒன்று வந்து நாற்பது கோப்பை ஒன்றாகத் திறக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். ஜிபிஜியின் வழக்கமான 'டிக்ரிப்ட்' கட்டளை ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் ஏற்கும். 'டிக்ரிப்ட்-ஃபைல்ஸ்' என்று கொடுத்து, பின்னால் நட்சத்திரக்குறி, புள்ளி, ஜிபிஜி என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அந்த அடைவில் உள்ள எல்லாமே திறக்கும். லினக்ஸில் அந்த நட்சத்திரத்தை ஜிபிஜி பார்ப்பதே இல்லை. நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல்தான் அடைவைப் பார்த்து, பொருந்தும் பெயர்களை வரிசையாக எழுதி ஜிபிஜியிடம் கொடுக்கிறது. 'காணி உறுதி' என்று நடுவில் இடைவெளி உள்ள பெயரும் இதில் உடையாது. கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க நீங்களே ஃபோர் லூப் எழுதினால் மட்டும், கோப்பின் பெயரைத் தாங்கும் மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 'காணி' தனி, 'உறுதி' தனி என்று இரண்டு கோப்பாக எடுத்துக்கொள்ளும்.

சரி, நாற்பது பூட்டுக்குக் கடவுச்சொல் ஏன் ஒருமுறைதான் கேட்கிறது? ஒவ்வொரு கோப்பையும் பூட்டும்போது ஜிபிஜி அதற்கென்றே ஒரு புதிய எண்ணைக் குருட்டுவாக்கில் உருவாக்குகிறது. கோப்பின் உடலைப் பூட்டுவது அந்த எண்தான், பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில். உங்களிடம் ஒரு சோடித் திறப்பு இருக்கும்: பூட்ட பொதுத் திறப்பு, திறக்க ரகசியத் திறப்பு. அப்புறம் அந்தச் சிறிய எண்ணை மட்டும் உங்கள் பொதுத் திறப்பால் பூட்டி, கோப்பின் தொடக்கத்தில் தலைப்பாக ஒட்டிவிடுகிறது. திறக்கும்போது ரகசியத் திறப்பு தொடுவது அந்தத் தலைப்பை மட்டுமே. உங்கள் கடவுச்சொல் எந்தக் கோப்பையும் நேரடியாகத் திறப்பதில்லை. அது காப்பது ரகசியத் திறப்பை. அந்தக் கடவுச்சொல்லை ஜிபிஜி-ஏஜென்ட் என்ற துணை நிரல் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். இயல்பாக 600 விநாடி, ஒவ்வொரு பயன்பாட்டிலும் கணக்கு புதிதாகத் தொடங்கும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. அதனால் பொதுக் கணினியில் வேலை முடிந்து எழும்பும் முன் ஏஜென்டை நிறுத்திவிடுங்கள்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். திறந்த பிரதிகள் பூட்டிய கோப்புகளுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும், ஜிபிஜி என்ற வால் மட்டும் போயிருக்கும். பென் டிரைவில் வைத்தே திறந்தால், பிறகு அழித்தாலும் மீட்கும் மென்பொருளுக்கு அவை அகப்படலாம். பூட்டிய கோப்புகளைச் சொந்தக் கணினிக்கு நகலெடுத்து, அங்கே திறங்கள்.

தலைப்பில் ஒட்டுவது ஒரு பூட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதே எண்ணை உங்கள் திறப்பால் ஒருமுறை, கனடாவில் இருக்கும் மகளின் திறப்பால் ஒருமுறை பூட்டி இரண்டையும் ஒட்டலாம். கோப்பின் அளவு அதிகம் கூடிவிடாது. கிளிநொச்சியிலும் திறக்கும், டொராண்டோவிலும் திறக்கும், ஒருவர் கடவுச்சொல்லை மற்றவர் அறியத் தேவையில்லை. பூட்டும்போதே இருவர் பெயரையும் கொடுத்துவிடுங்கள்.